பதினேழு சதவீதம்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை மாறினால் யார் மேல் தப்பு என்பதும் மாறிவிடும்.

என் பெயர் தாரிணி. பள்ளிப்படிப்பு மணப்பாறையில், பி.காம். திருச்சியில். அதன்பின் சர்வதேச வணிகத்தில் முதுகலை படிக்க சிட்னிக்கு வந்தேன். டூங்கபியில் தாட்சாயினி அன்ரி வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். அதே வீட்டில், கராஜை மறித்துக் கட்டிய அறையில் சுஜீதன் இருந்தான். வவுனியாக்காரன், என் வகுப்புத்தான். விசா இரண்டு முறை மறுக்கப்பட்டு மூன்றாவது முறைதான் கிடைத்தது என்று வந்த முதல் வாரமே சொல்லிவிட்டான். என்னை "நீர்" என்பான். முதலில் கிண்டல் செய்கிறானோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் ஊரில் சமவயதுக்காரர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம்.

முதல் செமஸ்டரில் அவன் ஒரு பாடத்தில் தவறினான். வாயால் கேட்டால் ஆசிரியரையே மடக்குவான். பேனாவைப் பிடித்து ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் மூன்று வரிக்கு மேல் போகாது. இரண்டாவது முறை தவறினால் படிப்பும் போய்விடும், விசாவும் போய்விடும்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் செய்ததுதான். ஏப்ரல் கடைசியில் ஒரு நீளமான நோட்டு வாங்கி, வரக்கூடிய கேள்விகள் நாற்பதைத் தேர்ந்து, நாற்பதுக்கும் விடை எழுதினேன். ஒவ்வொரு விடைக்கும் மேலே எழுதிய தேதியைப் போட்டேன். புத்தகத்தில் இருந்த டென்மார்க் நாற்காலிக் கம்பெனி உதாரணம் எனக்கு மனதில் நிற்கவில்லை. அதை எடுத்துவிட்டு, நானாக ஒன்றைக் கற்பனை செய்தேன்: மணப்பாறையில் ராஜேஸ்வரி என்று ஒரு முறுக்குக் கம்பெனி, துபாய்க்கு அனுப்பிய சரக்கில் பதினேழு சதவீதம் வழியிலேயே உடைந்துபோகிறது. அப்படி ஒரு கம்பெனி கிடையாது. ஆனால் மறக்காது.

"இதை அப்படியே மனப்பாடம் பண்ணு," என்று சுஜீதனிடம் கொடுத்தேன்.

"நாப்பதுமோ? உமக்கென்ன, கொம்பியூட்டர் மண்டை."

"உட்கார்ந்து எழுதி எழுதிப் பாரு, ஏறிடும்."

"இருந்து படிச்சா எனக்கு நித்திரைதான் ஏறும். நடந்தாத்தான் பாடம் ஏறும்."

அப்படியே நடந்தான். ஆறு வாரம், வேலைக்குப் போகாத நேரமெல்லாம் கராஜில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தபடி சத்தமாகச் சொல்வான். நான் துணி மடித்துக்கொண்டே திருத்துவேன். எண்ணில்தான் எப்போதும் சறுக்குவான்.

"பதினாறு இல்ல, பதினேழு."

"ஒரு முறுக்குக் கூடக் குறைய உடைஞ்சா உமக்கு என்னப்பா?"

"பதினேழு."

"சரி தாயே, பதினேழு."

அன்ரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பார். "இந்தப் பெடியன் நடக்கிற நடையில கராஜ் சீமெந்து தேஞ்சு போகும். முறுக்கு முறுக்கெண்டு கத்துறான், ஒரு முறுக்கைக் கண்ணில காட்டுறான் இல்லை. எனக்கே பாடம் வந்திட்டுது, பிள்ளை."

பரீட்சை ஜூன் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. அன்று காலை ஆறு மணிக்கு ஒருமுறை முழுவதையும் ஒப்பித்தான். ஒரு சொல் தவறவில்லை. பரீட்சை மண்டபத்தில் எனக்கு இருக்கை எண் நூற்றுப் பதினான்கு. அவனுக்கு நூற்றுப் பதினைந்து, நேர் பின்னால். அப்போது அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டு எங்கள் நோட்டில் இருந்தவை. வெளியே வந்ததும் அவன் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தான்.

ஜூலை இருபத்திரண்டாம் தேதி இருவருக்கும் மின்னஞ்சல் வந்தது. எங்கள் விடைத்தாள்களில் இரண்டு விடைகள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கின்றன. ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியதாகச் சந்தேகிக்கிறோம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி விசாரணை. நிரூபணமானால் இடைநீக்கம் வரை போகலாம்.

எனக்குப் பயம் வரவில்லை. உண்மை நம் பக்கம் இருக்கிறது, அதை வரிசையாக எழுதிக் கொடுத்தால் போதும் என்று நம்பினேன். நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். நோட்டையும் அதோடு சேர்த்து இருபத்தைந்தாம் தேதி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். பிரதி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. எதற்கும் பிரதி எடுப்பவள் நான்.

அன்ரி கேட்டார். "நானும் வந்து சொல்லட்டே? பெடியன் ஆறு கிழமை கத்தினதுக்கு நான் சாட்சி."

"வேண்டாம் அன்ரி. நோட்டு இருக்கு, அது போதும். நீங்க ஏன் லீவு போட்டுட்டு."

அன்ரிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அதிகம் வற்புறுத்தவில்லை. "நீ படிச்சவள், உனக்குத் தெரியும்தானே," என்றார்.

விசாரணை நாளன்று எனக்கு இரண்டு மணி, அவனுக்கு இரண்டரை. அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் ஓர் அலுவலர் எங்கள் கைபேசிகளை அணைக்கச் சொன்னார். வழக்கைப் பற்றி ஒருவரோடொருவர் பேச வேண்டாம் என்றார். சுஜீதன் கறுப்புச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலை நரைத்த ஒரு பெண்மணி. மேசையில் என் நோட்டு.

"இந்த முறுக்கு நிறுவனம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

"எங்கேயும் இல்லை. நானே கற்பனை செய்தது."

"இருவரும் ஒரே நிறுவனத்தை, ஒரே சதவீதத்தோடு கற்பனை செய்தீர்களா?"

"கற்பனை செய்தது நான். இருவரும் மனப்பாடம் செய்தோம்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பரீட்சைக்கு முன் குறிப்புகளைப் பகிர்வது குற்றமில்லை, ஆனால் இரண்டு பக்கத்தை ஒரு சொல் மாறாமல் ஒருவர் நினைவில் வைத்திருக்க முடியும் என்பதை நம்பச் சிரமமாக இருக்கிறது என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அங்கேதான் நான் தவறினேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"இப்போதே சொல்லிக் காட்டட்டுமா?"

சொன்னேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் விடையை முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரை. நடுவில் இருந்த பெண்மணி விரலால் நோட்டில் வரிவரியாகப் பின்தொடர்ந்தார். முடித்தபோது அவர் முகத்தில் வியப்பு இருந்தது. எனக்குள் ஒரு பெருமிதம் வந்ததை மறைக்க மாட்டேன். ஐந்தாம் வகுப்பில் மேடையில் நின்று ஒப்பித்துப் பரிசு வாங்கியவளின் பெருமிதம்.

"உங்கள் நண்பரும் இப்படிச் சொல்வாரா?"

பரீட்சை முடிந்து ஆறு வாரம் ஆகிவிட்டது, இப்போது நினைவிருக்குமோ தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. பரீட்சைக்குப் பிறகு அவன் அந்தப் பக்கத்தையே புரட்டவில்லை. நோட்டோ ஒரு வாரமாக அவர்கள் மேசையில் இருந்தது. ஆனால் எனக்கு ஒருமுறை ஏறியது இறங்காது. எல்லாருக்கும் அப்படித்தான் என்று அந்த நிமிடம் வரை நினைத்திருந்தேன்.

"சொல்வார்," என்றேன். "என்னைவிட நன்றாகவே சொல்வார்."

வேறு கதவு வழியாக வெளியே அனுப்பினார்கள். தாழ்வாரத்தின் மறுகோடியில் சுஜீதன் உள்ளே போக எழுந்துகொண்டிருந்தான். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவனும் காட்டினான்.

இருபது நிமிடத்தில் வந்துவிட்டான். ரயில் நிலையம் வரை எனக்கு இரண்டு அடி முன்னாலேயே நடந்தான். ரயிலில் உட்கார்ந்த பிறகு நான்தான் கேட்டேன்.

"என்ன கேட்டாங்க?"

"பாடமாக்கினதைச் சொல்லச் சொன்னவை."

"சொன்னியா?"

"முதல் நாலு வரி வந்தது. பிறகு பதினேழு எண்டது மட்டும் தலைக்க நிண்டுது. மற்றதெல்லாம் எங்க போச்சோ தெரியேல்லை." சன்னலைப் பார்த்தபடியே பேசினான். "கதிரையில இருந்துகொண்டு எனக்கு வராது, தாரிணி. பரீட்சையிலயும் மேசைக்குக் கீழ காலை ஆட்டிக்கொண்டுதான் எழுதினனான்."

"எழுந்து நடந்துக்கிட்டே சொல்றேன்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேக்க வெக்கமாக் கிடந்தது. மூண்டு வெள்ளைக்காரர் பாத்துக்கொண்டிருக்க, எழும்பி அங்கயும் இஞ்சயும் நடக்கட்டோ எண்டு என்னெண்டு கேக்கிறது? விசரன் எண்டெல்லோ நினைப்பினம்."

பிளாக்டவுன் போகும் கூட்டம் ஏறியது. ஒரு பெண் தள்ளுவண்டியோடு எங்கள் நடுவே நின்றாள். அவள் நகர்ந்த பிறகு கேட்டான்.

"நடுவில இருந்த மனுசி சொன்னா, உம்மட சிநேகிதி சொன்னவ, நீர் தன்னைவிட நல்லாச் சொல்லுவீராம் எண்டு. ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"உனக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான்."

"ஓம்," என்றான்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி முடிவு வந்தது, ஆளுக்கொரு கடிதம். என்னுடையது ஆறு வரி: தவறு எதுவும் நிரூபணமாகவில்லை. அவனுடையது மூன்று பக்கம். விடைகள் அந்த மாணவியின் நினைவிலிருந்து எழுதப்பட்டவை என்பதை அவர் எங்கள் முன் சந்தேகமின்றி நிரூபித்தார்; முன் இருக்கையில் இருந்தவரும் அவரே; அதே திறமை உடையவர் என்று கூறப்பட்ட இந்த மாணவரால் அதைக் காட்ட இயலவில்லை; எனவே அவர் முன் இருக்கையைப் பார்த்து எழுதியிருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தப் பாடத்தில் பூஜ்யம். இரண்டு செமஸ்டர் இடைநீக்கம்.

உள்ளூர்ப் பிள்ளைக்கு அது ஒரு வருட விடுமுறை. மாணவ விசாக்காரருக்கு நாட்டைவிட்டுப் போவது. இரண்டு முறை மறுக்கப்பட்டவனுக்கு, இடைநீக்கத்தோடு போய் நான்காவது முறை விசா கேட்பது என்றால் என்ன என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அன்ரி அந்தக் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப, உன்ர வாயாலதான் பெடியனைப் பிடிச்சிருக்கினம்."

"அன்ரி, விடுங்கோ," என்றான் சுஜீதன். "அவ வேணுமெண்டு செய்யேல்லை."

அவன் ஏசியிருந்தால் எனக்கு ஏதாவது பதில் இருந்திருக்கும்.

மேல்முறையீடு எழுதினேன். ஆறு பக்கம். அவன் நடந்தால்தான் ஒப்பிப்பான், நடக்க விட்டு மறுபடி கேளுங்கள் என்று எழுதினேன். அன்ரியிடம் சாட்சிக் கடிதம் வாங்கி, கையெழுத்துப் போடச் சொல்லி இணைத்தேன். நோட்டு திரும்பக் கிடைத்ததும் சுஜீதன் மறுபடி நடக்க ஆரம்பித்தான். இந்த முறை நான் திருத்தப் போகவில்லை. அறைக்குள் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கே நாளில் முழுவதும் வந்துவிட்டது. அதையும் தேதியோடு எழுதி அனுப்பினேன்.

செப்டம்பர் பதினொன்றாம் தேதி பதில் வந்தது. இப்போது தெரிந்திருப்பது அப்போது தெரிந்திருந்ததற்குச் சான்றாகாது. வீட்டுக்காரரின் சாட்சியத்தை விசாரணையின்போதே தந்திருக்கலாம். தராததற்குக் காரணம் எதுவும் கூறப்படவில்லை. மேல்முறையீடு ஏற்கப்படவில்லை.

காரணத்தைக் கூற எனக்குத் தெரியும். "வேண்டாம் அன்ரி. நோட்டு இருக்கு, அது போதும்." அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை காலை, அவன் கிளம்பினான். அன்ரியால் வேலை நேரத்தை மாற்ற முடியவில்லை. விடியற்காலையிலேயே இடியப்பமும் சம்பலும் கட்டிவைத்து, அவன் தலையில் ஒருமுறை கையை வைத்து எடுத்துவிட்டுப் போய்விட்டார். கராஜ் அறையை அவன் கூட்டி, மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். பெட்டியை நான் ஒரு பக்கம் பிடித்தேன். டூங்கபி நிலையத்தில் ரயிலுக்கு எட்டு நிமிடம் இருந்தது.

"ஊர்ல கேட்டா என்ன சொல்லுவ?"

"படிப்பு முடிஞ்சுதெண்டு சொல்லுவன். பொய்யில்லைத்தானே." சிரிக்கப் பார்த்தான். பிறகு, "தாரிணி, கேளும்," என்றான்.

பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு நடக்கத் தொடங்கினான். நடைமேடையின் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில், சத்தமாக. சிறு நிறுவனங்களின் ஏற்றுமதியில் மறைந்திருக்கும் செலவுகள் யாவை? காப்பிக் கோப்பையோடு நின்ற ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். ஒரு குழந்தை தாயின் கையைப் பிடித்து இழுத்து அவனைக் காட்டியது. அவன் யாரையும் பார்க்கவில்லை. முதல் பத்தி, இரண்டாம் பத்தி. என் வாக்கியங்கள் அவன் குரலில் என்னைவிட நன்றாகவே இருந்தன. அந்த அறையில் நான் சொன்னது பொய்யில்லை.

மணப்பாறை வந்தது. ராஜேஸ்வரி வந்தது. துபாய்க்குப் போகும் சரக்கில் பத்தொன்பது சதவீதம் வழியிலேயே உடைந்துபோகிறது என்றான்.

என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

அவன் நிற்காமல் முடிவுரை வரை போனான். கடைசி வரியைச் சொல்லும்போது ரயிலின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. மூச்சு வாங்க வந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான்.

"சரியோ?"

"எல்லாம் சரி," என்றேன். "ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

கதவு திறந்தது. பெட்டியைத் தூக்கி வைத்தான். "போட்டு வாறன்," என்றான்.