கேட்டேன், சரி

1

இந்தக் கதை பிறந்தது என்னுடைய ஒரு தப்பில். வேறு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியவருவதைவிட நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சிற்றிதழில் இசைத்தட்டு ஒன்றுக்கு மதிப்புரை எழுதினேன். மூன்று பேர் கொண்ட குழு. காது கிழிய வாசிக்கிறவர்கள். ஆனால் தட்டின் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு மட்டும் அமைதியானது. ஒரு பெண் தனியாக, வரிக்கு வரி நிறைய இடம் விட்டுப் பாடுகிறாள். அந்த இடைவெளிகளில், கொசுவின் ரீங்காரத்தைவிட மெல்லியதாக ஒரு சத்தம் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாடகி மருத்துவமனையில் நர்ஸ் என்று உறையில் போட்டிருந்தார்கள். அது போதாதா எனக்கு? "நோயாளியின் தலைமாட்டில் கண்ணை மூடாமல் நிற்கும் இயந்திரத்தின் குரல்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அதை நானே நாலு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். (தன் வாக்கியம் தனக்கே இவ்வளவு இனித்தால் அதில் எங்கோ எறும்பு ஊர்கிறது என்று அர்த்தம். இப்போது தெரிகிறது.)

இதழ் வந்து மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நீலப் பேனாவில், சாய்வில்லாத கையெழுத்தில் ஐந்தே வரி.

"வணக்கம். நீங்கள் பாராட்டிய சத்தம் பாட்டில் இல்லை. அது தட்டில் விழுந்த பழுது. அதைக் கேட்டுத் தடுக்க வேண்டியது என் வேலை. எனக்கு அது கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை."

கீழே, எழுதிய பெண் நடத்தும், அந்தத் தட்டை வெளியிட்ட லேபிளின் பெயர்: குறைகுடம்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், வாழ்நாள் முழுவதையும் இசைக்கே கொடுத்துவிட்ட அந்தப் பெண்"

அங்கேயே நிறுத்திவிட்டேன். மழை பெய்யவில்லை. வாழ்நாள் முழுவதையும் அவள் எதற்கும் கொடுக்கவும் இல்லை; வாரத்தில் ஆறு நாள் தபால் நிலையத்தில், பார்சல் கவுண்டரில் உட்கார்ந்து எடை பார்த்தாள்.

இரண்டாவது வரைவு: "அண்டர்கிரவுண்ட் இசை என்றால் என்னவென்றால்"

இதுவும் வேண்டாம். அதைச் சொல்ல ஒரு வரி போதும்: வானொலியும் கல்யாண மண்டபமும் கதவைச் சாத்திவிட்ட பிறகு, கார் ஷெட்டிலும் காலியான கிடங்கிலும் முப்பது பேர் முன்னால் வாசிக்கப்படுவது.

[இன்னொன்று. நேரில் அவரை நான் 'நீங்கள்' என்றுதான் அழைக்கிறேன். ஆனால் கதைக்குள் 'அவர்' என்று எழுதியபோதெல்லாம் அவர் கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே இருந்தார். 'அவள்' என்றதும் கதவைத் திறந்து உள்ளே விட்டாள். எல்லாக் குழுக்காரர்களும் அவளை அக்கா என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.]

அக்காவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. லேபிளுக்குப் பதினொன்று. வீட்டின் இரண்டாவது படுக்கையறையில் கட்டில் கிடையாது. அட்டைப்பெட்டிகள், ஒரு பிளேயர், இரண்டு ஸ்பீக்கர், தரையில் ஒரு பாய். அதுதான் ஆபீஸ். குழுக்களைத் தேடிப்போய்ப் பேசுவது, ஒலிப்பதிவுக்கு இடம் பிடிப்பது, உறை அச்சடிப்பது, தட்டுகளைப் பொதிந்து கட்டி ஊர் ஊராக அனுப்புவது எல்லாம் அவளே. பார்சல் கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அவள் கணக்கில் லேபிளின் வேலை ஒன்றே ஒன்றுதான். முந்நூறு தட்டுகளையும் அச்சடிப்பதற்கு முன் தொழிற்சாலை ஒரே ஒரு சோதனைத் தட்டை அனுப்பும். பாயில் உட்கார்ந்து மூன்று தடவை கேட்பாள். பிறகு ஒரு தாளில் 'கேட்டேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். அதற்கப்புறம் வருகிற எந்தக் குற்றமும் அவளுடையது. "பாடறது அவங்க, அச்சடிக்கிறது அவன். நான் கேக்கறவ. அவ்வளவுதான் என் உத்தியோகம்," என்றாள் என்னிடம்.

இருபத்திரண்டு தடவை அப்படி எழுதிக்கொடுத்திருந்தாள். இருபத்துமூன்றாவது, நான் மதிப்புரை எழுதிய தட்டு: நர்ஸ் பாடகி சிஸ்டருடையது.

3

அக்காவின் வீட்டுக்காரரைக் கதையில் வைப்பதா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்துக்குள் நுழைந்ததும் எந்த மாடியில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுகிற மனிதர். காது மங்கிய பெண்ணுக்கு இப்படி ஒரு கணவன் என்று எழுதினால், வேண்டுமென்றே பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தது போல இருக்கிறது. ஆனால் கட்டிவைத்தது நான் இல்லை, அவர்கள் பெரியவர்கள். எனவே அவர் இருக்கட்டும்.

லேபிள் தொடங்கிய புதிதில் ஒருநாள் அவர் அறைக்குள் எட்டிப் பார்த்து, பின்னால் ஏதோ உலோகம் உரசுகிறதே, பிளேயரில் கோளாறா என்று கேட்டிருக்கிறார். அன்று அக்கா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். அது இரும்புத் தகட்டை வில்லால் இழுத்து வாசிப்பது, அதுதான் அந்தக் குழுவின் தனித்தன்மை, தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றாள். அவரும் மூடிக்கொண்டார். பத்து வருடம். கோபத்தினால் அல்ல, நமக்குப் புரியாத விஷயம், அவளுக்குப் புரிகிறது, நல்லது என்ற ஒரு மரியாதையினால்.

சிஸ்டருடைய சோதனைத் தட்டு அந்த வீட்டில் மூன்று தடவை ஓடியபோது அவர் பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மூன்று தடவையும் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது.

4

சிஸ்டர் என்பது பட்டப்பெயர். சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் வார்டில் நர்ஸ். வார்டில் கூப்பிடும் பெயரே மேடையிலும் ஒட்டிக்கொண்டது. அந்தத் தட்டுக்காக நான்கு வருடம் எழுதியிருந்தாள். ஷிஃப்ட் மாற்றி, விடுப்பைச் சேர்த்துவைத்து, ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளில் பாடி முடித்திருந்தாள்.

தட்டு வந்த மறு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று பேருமாக அக்கா வீட்டுக்கு வந்தார்கள். டிரம்ஸ்காரன் செருப்பைக் கழற்றவே நேரம் எடுத்துக்கொண்டான். கிதார்க்காரன் சுவரைப் பார்த்தான். சிஸ்டர்தான் பேசினாள்.

"அக்கா, மூணாவது பாட்டுல அந்தச் சத்தம் இருக்கே. அதைக் கவனிச்சீங்களா?"

இந்த இடத்தில் நான் அக்காவுக்காக மூன்று வெவ்வேறு பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் "எந்தச் சத்தம்?" என்கிறாள். ஒன்றில் அழுகிறாள். மூன்றாவதில் அவள்

வேண்டாம். அவள் உண்மையில் சொன்னது இது:

"கேட்டேன். நல்லா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

சொல்லும்போது அவளுக்கு என்ன சத்தம் என்றே தெரியாது. கொஞ்ச நாளாகவே கவுண்டரில் ஆட்கள் முணுமுணுப்பது போல இருந்தது. தடுப்புக் கண்ணாடியின் மேல் பழிபோட்டாள். பித்தளைத் தாளங்களின் ஓசையில் மேல்நுனி தேய்ந்தது போல இருந்தது. ஸ்பீக்கர் பழசாகிவிட்டது என்றாள். காது என்ற சொல் மனதில் எழும்போதெல்லாம் அதை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவாள். கேட்பதுதானே அவள் உத்தியோகம். கேட்கவில்லை என்றால் அவள் யார்?

சிஸ்டர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"என் பாட்டுக்கா அது," என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

அவர்கள் போனதும் அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தட்டை ஓடவிட்டு, ஏதாவது கேட்கிறதா என்றாள். அவர் சுவரோரமாக நின்று கேட்டார். தேய்ந்த பேரிங் மாதிரி ஒரு விசில், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, என்றார். அன்றைக்கும் கேட்டதா என்றாள். கேட்டது என்றார். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. அதற்கான பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

5

காது மருத்துவரிடம் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் சிலவற்றுக்கு அழுத்தினாள். பிறகு அடுத்தது தொடங்கட்டும் என்று கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். கதவு திறந்தது, பரிசோதனை செய்த பெண், முடிந்துவிட்டது, வெளியே வரலாம் என்றாள்.

(இதை என்னிடம் சொன்னபோது அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று எழுதினால் நல்லவராகத் தெரிவேன். நானும் சிரித்தேன்.)

மேல் சுருதிகள் இரண்டு காதிலும் போய்விட்டிருந்தன. திரும்பி வராது. பதினொரு வருடம் கார் ஷெட்டில் ஸ்பீக்கரோடு ஒட்டி நின்றதற்கு அதுதான் சன்மானம்.

அந்த வாரம்தான் என் மதிப்புரை வெளிவந்தது. அதன்பின் நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. 'அந்த விசில் வரும் தட்டு' என்று ஆட்கள் கேட்டு வாங்கினார்கள். மீதியிருந்த பெட்டிகள் பதினைந்து நாளில் காலி. ஒரு குழு, தங்கள் பாட்டிலும் அப்படி ஒன்று வைத்துத்தர முடியுமா என்று விசாரித்தது. அக்கா சொன்ன பொய்க்கு நான் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது போல ஆயிற்று. அவள் இனி வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. ஊரே அவளைத் தேர்ந்த காதுக்காரி என்றது. சிஸ்டர் மட்டும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் அந்த ஐந்து வரி எனக்கு வந்தது. நான் ஒரே வரியில் பதில் போட்டேன்: "இதை நீங்கள் சொல்ல வேண்டியது என்னிடமா?"

அக்காவுக்கு இரண்டு நாள் என்மேல் ஆத்திரமாக இருந்ததாம். மூன்றாம் நாள் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனாள்.

6

நான் அங்கே இல்லை. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்; இருவர் சொன்னதும் ஒத்துப்போனது. அதனால் அலங்காரம் இல்லாமல் தருகிறேன்.

வார்டை ஒட்டி ஊழியர்கள் சாப்பிடும் சின்ன அறை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. சிஸ்டருக்கு இருபது நிமிடம் இடைவேளை. அக்கா உட்காராமலே சொன்னாள்: எனக்குக் காது கேட்கவில்லை, அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை, அன்று உன்னிடம் சொன்னது பொய்.

"காது விஷயம் தெரியும்க்கா," என்றாள் சிஸ்டர். "ஒரு வருஷமா நீங்க எங்க வாயைப் பாத்துத்தான் பேசறீங்க. நான் நர்ஸ். எனக்குத் தெரியாதா?"

அக்கா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அதைத்தான் மெதுவா எடுக்கலாம்னு வந்தோம். கேக்கலைனு நீங்க சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்னீங்க பாருங்க. அதுதான்." பிறகு, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "அந்தப் பாட்டு மெஷினைப் பத்தி இல்லக்கா. கடைசி நோயாளி போனப்புறம் எல்லா மெஷினையும் நிறுத்துவோம். அப்ப ஒரு அமைதி வரும். அதுக்குத்தான் அவ்வளவு இடம் விட்டுப் பாடினேன்."

[என் மதிப்புரையை அவள் படித்திருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.]

மன்னிப்பு என்று எதுவும் நடக்கவில்லை. சிஸ்டர் இரண்டு நிபந்தனை சொன்னாள்: தட்டைப் பழுதில்லாமல் திரும்ப அச்சடிக்க வேண்டும்; முதல் பதிப்பில் இருந்தது பிழை என்று உறையிலேயே போட வேண்டும். அக்கா இரண்டையும் செய்தாள். புதிய சோதனைத் தட்டைத் தன் வீட்டில் ஓடவிடாமல் நேராக சிஸ்டருக்கே பார்சல் அனுப்பினாள். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பதில் வந்தது: "இப்ப பாட்டு கேக்குது."

அதன்பின் பழைய இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாக வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டினாள். வேறு எங்காவது இப்படி நடந்திருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டுமே. அவர் ஒவ்வொரு கீறலுக்கும் உரசலுக்கும் கை தூக்கினார். அவள் ஒலிப்பதிவுக் குறிப்பைப் பார்த்து, இது அவர்கள் வேண்டுமென்றே வைத்தது, அதுவும் வேண்டுமென்றேதான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினேழாவது தட்டில் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வேணும்னு வெக்காதது ஏதாவது இருந்தா அதை மட்டும் சொல்லேன்," என்றார்.

பத்து வருடத்தில் அந்த அறையில் அவர் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

7

முடிவு. இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

முடிவு ஒன்று: அக்கா லேபிளை மூடிவிடுகிறாள். நம்பும்படி இருக்கிறது, ஆனால் அவள் மூடவில்லை. வீட்டுக்காரரும் அவளுமாகச் சோதனைத் தட்டுகளைக் கேட்கிறார்கள். தாளில் இப்போது இரண்டு கையெழுத்து. காதில் கருவி மாட்டியிருக்கிறாள். அதில் இசை தகரமாக ஒலிக்கிறது என்று திட்டிக்கொண்டே மாட்டுகிறாள்.

முடிவு இரண்டு: சிஸ்டர் இப்போது புதிய பாட்டுகள் பதிவுசெய்து முடித்திருக்கிறாள். இது உண்மை. எந்த லேபிளுக்குக் கொடுப்பதென்று சொல்லவில்லை. பெரிய லேபிள் ஒன்றும் கேட்டிருக்கிறது. இதுவும் உண்மை. நான் இப்படி எழுதினேன்: ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைப்பு மணி அடிக்கிறது. அக்கா கதவைத் திறக்கிறாள். சிஸ்டர் நிற்கிறாள், கையில்

எழுதி முடித்த வரைவை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். வரிசை இல்லாத நேரம். அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். தன்னைப் பற்றிய எதையும் திருத்தவில்லை. பொய் சொன்ன இடத்தைக்கூட அப்படியே விட்டாள். கடைசிப் பக்கம் வந்ததும் கவுண்டரில் கட்டிப்போட்டிருந்த பேனாவை எடுத்து, அழைப்பு மணி தொடங்கிக் கீழே இருந்த எல்லாவற்றையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

"வராத ஆளை வர வெக்காதீங்க," என்றாள். "அவ இஷ்டம் அது. ஒரு தடவை அவளைக் கேக்காம நான் முடிவு பண்ணேன். நீங்களும் பண்ணாதீங்க."

பிறகு எனக்குப் பின்னால் வந்து நின்றவரிடம், பார்சலைத் தராசில் வைக்கச் சொன்னாள்.

அதனால் இந்தக் கதை இங்கே நிற்கிறது. நீங்கள் படிக்கிற தேதிக்குள் அந்தத் தட்டு ஏதோ ஒரு லேபிளில் வந்திருக்கும். எந்த லேபிள் என்பதை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். தெரிந்தால் எனக்கு எழுத வேண்டாம்; முதலில் பாட்டைக் கேளுங்கள்.