மகராசியின் பின்னங்கால்

காலை ஆறு மணிக்குக் கொட்டகையில் வாளி உருண்டது. உதைத்து உருட்டியது மகராசி என்னும் பெண்குதிரை. வாளியோடு சேர்ந்து, அதன் காலுக்கு மருந்து போடக் குனிந்த வண்டிக்காரரின் மனைவியும் வைக்கோல்மேல் விழுந்தார்.

"பார்த்தியா? எட்டு வருஷம் தீனி போட்ட கையையே உதைக்குது!" என்று பதறி ஓடிவந்தார் வண்டிக்காரர்.

"கையை இல்லைங்க, இடுப்பை" என்றார் மனைவி, எழ முடியாமல்.

இரண்டு மாதங்களுக்கு முன் முள்கம்பி கிழித்த பின்னங்காலில், சதை சிவந்து காலிஃபிளவர் போலப் புடைத்திருந்தது. சதை வளரத் தொடங்கியபோது, காயம் ஆறுவதாகவே எண்ணி இருவரும் மகிழ்ந்தனர். அது அளவு மீறியதும், தீவனக்கடைக்காரர் சொன்னபடி, கரைப்பதற்காக நாள்தோறும் மயில்துத்தப் பொடியைத் தூவி வந்தனர். மருத்துவரிடம் மட்டும் காட்டவில்லை. கத்தி வைத்தால் மகராசி துடித்துப்போகுமே என்று அஞ்சினர். அதை இரக்கம் என்றுதான் அவர்கள் எண்ணியிருந்தனர்.

உதைக்கும் குதிரையை வண்டியில் பூட்ட இயலாது. அன்று மாலை தரகர் வந்து, அதை இறைச்சிக்கு ஓட்டிச் செல்வதாக இருந்தது. அதற்குக் கடிதம் ஒன்று தேவைப்பட்டதால்தான் கால்நடை மருத்துவர் வரவழைக்கப்பட்டார்.

"குணம் கெட்டுப்போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும் டாக்டரம்மா" என்றார் வண்டிக்காரர்.

மருத்துவர் எழுதவில்லை. காலருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"எப்பவும் உதைக்குதா, பொடி போடறப்ப மட்டுமா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "பொடி போடறப்பதாங்க..." என்றார் மனைவி.

மருத்துவர் கையுறை அணிந்து கத்தியை எடுத்தார்.

"ஐயோ, வேணாம்மா! மண்டையைப் பொளந்துடும்!"

"நீங்க தலையை மட்டும் பிடிங்கண்ணே. ஒண்ணும் ஆகாது."

கத்தி புடைத்த சதையைச் சீவியது. இரத்தம் குளம்புவரை வழிந்தது. மனைவி முகத்தை மூடிக்கொண்டார். மகராசியோ புல்லை மென்றுகொண்டிருந்தது. மருத்துவர் மீண்டும் சீவினார். மெல்வது நிற்கவில்லை.

"வலிக்கலையா?" என்றார் வண்டிக்காரர்.

"இந்தச் சதையில நரம்பு கிடையாதுண்ணே, ரத்தம்தான். இது மேடா வளர்ந்துட்டா, சுத்தியிருக்கற தோல் ஏறி மூட முடியாது. புண்ணு ஆறவே ஆறாது. நரம்பெல்லாம் தோல் ஓரத்துல இருக்கு."

வெந்து வெளுத்திருந்த அந்த ஓரத்தை அவர் விரல் இலேசாகத் தொட்டது. மகராசி வெடுக்கெனக் காலை இழுத்துக்கொண்டது.

"பொடி தினமும் இங்க விழுந்து தோலை அரிச்சிருக்கு."

மனைவி தம் கைகளையே வெறித்துப் பார்த்தார். "நாப்பது நாளாங்க... பச்சைப் புண்ணுல நெருப்பை... என் கையாலயே..."

மருத்துவர் இறுக்கமாகக் கட்டுப் போட்டார். "மறுபடி வளர்ந்தா மறுபடி சீவணும். மெதுவாத்தான் ஆறும்க்கா. ஆனா ஆறும்."

மாலையில் தரகர் கயிற்றோடு வந்தார். "எங்கேண்ணே அந்த உதைகாலி?"

மனைவி கொட்டகையின் கதவை மறித்து நின்றார்.

"குடுக்கறதா இல்லைங்க. கோவிச்சுக்காம போயிட்டு வாங்க. வலிக்குதுன்னு சொல்ல அதுக்கு வேற வழி தெரியலை, உதைச்சுது. வாயில்லாத உயிருக்குப் புண்ணு வந்தா முதல் நாளே டாக்டர்கிட்ட காட்டணும். கண்டவங்க சொன்னதைக் கொட்டிட்டு, அது துடிச்சா அதும்மேலயே பழி போட்டு விக்கக் கூடாதுங்க. அது பெரிய பாவம்."