என் பேச்சுக்காக அவள் இருந்த உபவாசம்

பக்கவாதம் வந்து என் வலது கையையும் காலையும் பேச்சையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போனது. கை கால் போனதில்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். நான் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவன். பட்டப்பெயர் மைக்செட். தொண்டையைத் திறந்தேன் என்றால் தக்காளி விலை கடைசிக் கடைக்காரன் காதுவரை போய் விழும். அந்த வாயில் இப்போது மிஞ்சியது 'ஆ' என்ற ஒரே சத்தம். தண்ணீர் கேட்டாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான்.

என் சத்தம் என் மனைவிக்குப் பிடிக்கும் என்பது அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து, "மெதுவா பேசுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க பயந்துக்கப் போறாங்க" என்று என்னைத் திட்டியவள் அவள். இப்போது கட்டிலோரம் உட்கார்ந்து, "ஒரே ஒரு தடவை என்னைத் திட்டுங்களேன்" என்று அழுதாள்.

அழுது முடித்ததும் சபைக்குப் போனாள். நானும் சபை ஆள்தான், ஆனால் கடைசி பெஞ்சு. அவள் அப்படியில்லை. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். உதட்டால் துதித்தால் போதாது, உடம்பையே பலியாக வைக்க வேண்டும் என்று போதகர் பிரசங்கம் செய்தார். அவர் நல்ல மனிதர், எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். இவள் தனக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொண்டாள். முதலில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை. காலைச் சாப்பாட்டையும் விட்டாள். அப்போதும் வரவில்லை. ஏலத்திலேயே காலம் தள்ளிய எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. எதிர்த்துக் கேட்க ஆளே இல்லாத ஏலத்தில் விலையை ஏற்றிக்கொண்டே போனவள் இவள் ஒருத்திதான். இவ்வளவு வேண்டும் என்று ஆண்டவர் கேட்டாரா?

கடைசியில், மூன்று நாள் பச்சைத் தண்ணீர் மட்டும் என்று ஆண்டவரிடம் நேர்ந்து பொருத்தனை பண்ணிக்கொண்டாள். மூன்றாம் நாள் மதியம் சபையார் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஜெபித்து உபவாசத்தை முடித்துவைப்பார்கள் என்று ஏற்பாடு.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. சபையில் ஒருவருக்கும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் உபவாசம் இருக்க விடமாட்டார்களாம். நான் இடது கையால் மாத்திரை டப்பாவைக் காட்டித் தலையை ஆட்டினேன். அவள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டாள்.

"பயப்படாதீங்க, மாத்திரையை நிறுத்தல. மாத்திரை சாப்பாட்டுல சேராதுல்ல?"

நான் பயந்ததே அந்த மாத்திரைக்குத்தான். முன்பு ஒருமுறை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வெளியே போனவள், திரும்பி வந்து வாசலிலேயே சரிந்தாள். வேர்த்துக் கொட்டியது, நாக்கு குழறியது. நான் சீனியை அள்ளி வாயில் போட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இனி வெறும் வயிற்றில் இதைப் போடவே கூடாது என்று டாக்டர் சத்தம் போட்டார். அதை நினைவுபடுத்தத்தான் இப்போது வாசலைக் காட்டினேன், டப்பாவைத் தட்டிவிட்டேன், தொண்டை வலிக்கக் கத்தினேன். இந்தத் தடவை அவளுக்குப் புரிந்தது.

"அன்னைக்குச் சும்மா பசி. இது கர்த்தருக்காக இருக்கிற பசி. இதுல எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, தரையிலிருந்து மாத்திரையைப் பொறுக்கித் துடைத்து முழுங்கினாள்.

மூன்றாம் நாள் வீடு நிறைய ஆட்கள். ஜன்னலோரம் போதகர், அவருக்குப் பக்கத்தில் போதகரின் மனைவி, பாயில் சபைப் பெண்கள். பாட்டும் கைத்தட்டலும் சுவரில் மோதின. என் மனைவி முன்னால் நின்று பாடினாள். இரண்டாவது பாட்டில் அவள் வார்த்தைகளை மாற்றிப் போடுவதைக் கவனித்தேன். குழந்தையாக இருந்தபோதே பாடிய பாட்டு அது. கழுத்திலிருந்து வேர்வை வழிந்து ரவிக்கை நனைந்தது. கை நடுங்கியது. பிறகு சரிந்து விழுந்தாள்.

யாரும் பதறவில்லை. எங்கள் சபையில் ஜெபத்தில் ஆட்கள் விழுவது உண்டு. ஆவியானவர் தொடும்போது மனிதர் தொடக் கூடாது, தானாக எழும்வரை விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். போதகரின் மனைவி மரியாதையாக ஒரு போர்வையை எடுத்து அவள்மேல் கழுத்துவரை போர்த்திவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்து பாடினார்.

நான் கத்தினேன்.

"அண்ணன் வாயைத் திறக்கிறாரு! ஸ்தோத்திரம் சொல்லுங்க!" என்றார் போதகர்.

அவ்வளவுதான், பாட்டு இரண்டு மடங்கானது. நான் கத்தக் கத்த அவர்கள் கண்ணீர் விட்டுத் துதித்தார்கள். எத்தனை பேர் இருந்தும் என்ன, அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தேன். இடது முழங்கையை ஊன்றி என்னையே இழுத்துக்கொண்டு போனேன். கண் திறந்து பார்த்தவர்களும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். முடங்கிக் கிடந்தவன் நகர்கிறானே, அதைத் தடுக்கலாமா? ஒருத்தி ஆனந்தத்தில் குதித்தாள். அவளை அறைய வேண்டும்போல் இருந்தது.

போர்வையை இழுத்தேன். வாயோரம் நுரை, ஜில்லென்ற முகம். என் தொண்டைக்குள் எதுவோ பிடுங்கிக்கொண்டு வந்தது.

"சீ... சீனி."

அறை முழுக்க அல்லேலூயா. போதகர் மண்டியிட்டு என் தலைமேல் கை வைத்தார். "சீனி, சீனி" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். முதலில் சிரித்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது.

ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தாள். மூளைக்குச் சர்க்கரை போகாமல் இருந்த நேரம் ரொம்ப அதிகம் என்றார் டாக்டர். இனி அவள் யாரையும் அடையாளம் கண்டுகொள்வது கஷ்டம் என்றும் சொன்னார்.

இப்போது என் கட்டிலில் அவள் கிடக்கிறாள். எனக்குக் கால் கொஞ்சம் ஊன்ற வருகிறது, பேச்சும் வந்துவிட்டது. தேய்ந்த பேச்சுதான். பயிற்சி செய்திருந்தால் எப்படியும் வந்திருக்கும் என்கிறார் டாக்டர். ஆண்டவர் கொடுத்தார் என்கிறது சபை. போன வாரம் போதகரும் மனைவியும் வந்தார்கள்.

"அண்ணே, நீங்க சபையில எழுந்து நின்னு ஒரு சாட்சி சொல்லணும்" என்றார் போதகர். "அக்காவோட பலியைக் கர்த்தர் ஏத்துக்கிட்டாரு. நாலு பேருக்கு விசுவாசம் வளரும்."

"ஏத்துக்கிட்டாரா?" என்றேன். "அப்ப இந்தப் பேச்சைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லுங்க. அவளைக் குடுக்கச் சொல்லுங்க. எனக்காக இல்லாட்டியும், அவ அவரை நம்பினாளே, அதுக்காக."

அவருக்குக் கண் கலங்கியது. கண்ணை மூடி, "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தார். அதற்குள் கட்டிலிலிருந்து வாடை வந்தது. ஒரு கையால் என்னால் அவளைப் புரட்ட முடியாது. வழக்கமாக உதவும் பக்கத்து வீட்டம்மா அன்று இல்லை.

"ஐயா, கண்ணைத் திறங்க. துணி ஈரமாயிருச்சு. புரட்டணும்."

போதகர் கை கூப்பியபடியே நின்றார். போதகரின் மனைவிதான் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"எங்க பிடிக்கணும்ணே?"

"தோளுக்குக் கீழ கையைக் குடுங்க. ஐயா, நீங்க இடுப்பைத் தாங்குங்க."

இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். எலும்புதான் அவள், ஆனாலும் போதகருக்கு மூச்சு வாங்கியது. நான் இடது கையால் துணியை உருவினேன். போதகரின் மனைவி முகத்தைச் சுளிக்காமல் வெந்நீரில் துடைத்துவிட்டு, அவள் நெற்றி முடியை ஒதுக்கி, அங்கேயே நின்று தேம்பினார்.

"நாங்க என்னண்ணே செய்யணும்? சொல்லுங்க."

"நாளைக்கும் இப்படித்தான் ஈரமாகும்" என்றேன். "நாளைக்கும் வாங்க."