நாளைக்குப் போகும் ரயில்

பூபதி வீட்டு ஹாலில் ஓடும் பொம்மை ரயிலில் ஆட்கள் ஏறிப் போக ஆரம்பித்த பிறகு, அந்த வீட்டில் செருப்புதான் பெரிய தொந்தரவாகிவிட்டது. வருகிறவர்கள் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியேறிவிடுவார்கள். போன ஊரிலேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய செருப்புகளைத் தூக்கிப் போடவும் மனம் வராமல், பூபதியின் மனைவி கோகிலவாணி ஜோடி சேர்த்து மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தாள். இரண்டாவது மாடி வீடு. கீழ்வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் மாதம் ஒருமுறை அந்த ரயிலில் போகிறவர்கள்தான்.

பூபதிக்குக் கை சும்மா இருக்காது. பகல் முழுக்கக் கோயம்புத்தூர் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் மோட்டார்களை ஓட விட்டுச் சோதிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி குடித்து முடித்ததும் விரல்கள் துறுதுறுக்கும். கல்யாணமான புதிதில் மீன் வளர்த்தார். அப்புறம் புல்லாங்குழல். மூத்தவன் யுகனின் பிறந்த நாளுக்குப் பொருட்காட்சியில் ஒரு ரயில் வாங்கிக் கொடுத்தார். யுகன் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். ரயில் அப்பாவுக்குக் கைமாறியது.

பழைய துண்டுகளைச் சுண்ணாம்புக் கரைசலில் முக்கி மலை செய்தார். மலைக்குள் நீளமாக ஒரு குகை. ஹாலில் கிளம்பி, சமையலறை வாசலில் நிற்கும் பிரிட்ஜை ஒட்டிப் போய், படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் நுழைந்து திரும்பும்படி தண்டவாளம் போட்டார். சோபாபாளையம், பிரிட்ஜ்மேடு, கட்டிலடி என்று மூன்று ஸ்டேஷன்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் பெயர் எழுதி நட்டார். பலகை வைத்தால் அந்த ஊருக்குப் போக வேண்டியவர்கள் வரத்தானே செய்வார்கள். மறுநாள் சாயங்காலமே ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு வந்து அழைப்பு மணியை அடித்தார்.

"ஏனுங், கட்டிலடி வண்டி போயிருச்சுங்களா?"

"இல்லீங்க. இப்பத்தான் பெட்டி மாட்டறேன். உள்ள வந்து உக்காருங்க."

பெரியவர் சோபாவில் உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்தார். வண்டி வந்ததும் ஏறிப் போனார். அன்றிலிருந்து இன்றுவரை ஏறும்போது யாரும் தலையை இடித்துக்கொண்டதில்லை. பெட்டியின் கூரையைப் போதுமான உயரத்தில் வைத்திருக்கிறோம் என்று பூபதிக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

சின்னவள் மிருதுளாவுக்கு நாலு வயது. ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களை எல்லாம் பார்த்துவிட்டு அப்பாவிடம் வருவாள்.

"நம்ம எப்பப்பா போறது?"

"நாளைக்குப் போலாம் கண்ணு" என்பார் பூபதி. கண் பசை டப்பாவில் இருக்கும்.

ஊஞ்சல் கட்டித் தரக் கேட்டாலும் அதே பதில்தான். சைக்கிள் ஓட்டப் பழக்கச் சொன்னாலும், ஆட்டுக்குட்டி பார்க்கக் கூட்டிப் போகச் சொன்னாலும் அதேதான். அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் நாளைக்குப் போய்விடலாம் என்றே நினைத்தார். மிருதுளாவும் அதை அப்படியே நம்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறையில் கறிக்கு மசாலா அரைபட்டுக்கொண்டிருந்தது. பிரிட்ஜ்மேட்டு ஸ்டேஷன் கூரையில் பெயர்ந்திருந்த ஓடு ஒன்றைப் பூபதி ஒட்டிக்கொண்டிருந்தார். வண்டி அவர் முழங்கையைத் தாண்டிப் போனது. மூன்றாவது பெட்டி ஜன்னலில் மிருதுளா இருந்தாள். முதுகில் பள்ளிக்கூடப் பை. கழுத்தில் தண்ணி பாட்டில்.

"கண்ணு, எங்க போறே?"

"நாளைக்குப்பா!" என்றாள் அவள். வண்டி குகைக்குள் போய்விட்டது.

பூபதி சமையலறைக்குப் போய்ச் சொன்னார். கோகிலவாணி மிக்ஸியை நிறுத்தினாள்.

"தனியாவா போறா?"

"ஆமா."

"தண்ணி எடுத்துட்டாளா?"

"எடுத்திருக்கா."

"ஸ்வெட்டர் எடுக்கலையே. நாளைக்குக் குளுருமோ என்னவோ" என்றாள் கோகிலவாணி. அவள் முகம் வாடிவிட்டது.

சோபாபாளையத்தில் இறங்கிவிடுவாள் என்று பூபதி எதிர்பார்த்தார். இறங்கவில்லை. கட்டிலடியிலும் இறங்கவில்லை. அடுத்த சுற்றில் நடுவழியிலேயே வண்டியை நிறுத்தி, ஜன்னலருகே குனிந்து, "எறங்கு கண்ணு" என்று கை நீட்டினார். மிருதுளா ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இது நாளை இல்லப்பா."

பெட்டிக்குள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, கொழந்தை அது போற ஊர்லதானுங்க எறங்கும்? நீங்க பாட்டுக்கு இங்க நிறுத்தினா நாங்கெல்லாம் எப்பப் போய்ச் சேர்றது? வண்டிய எடுங்க."

அவர் சொன்னது நியாயம். பூபதி வண்டியை எடுத்தார்.

அந்தத் தடத்தில் நாளை என்று ஒரு ஸ்டேஷன் கிடையாது. கட்டுகிற வரைக்கும் வண்டி சுற்றிக்கொண்டுதான் இருக்கும், குழந்தையும் அதில் போய்க்கொண்டுதான் இருப்பாள். வண்டி குகைக்குள் நுழைகிற ஒவ்வொரு தடவையும் பூபதி மறுமுனைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். குகையை இவ்வளவு நீளமாகக் கட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

பால்கனியில் இருந்த துளசித் தொட்டியையும் துணிக்கொடியையும் நகர்த்தி இடம் பண்ணினார். மிச்சமிருந்த தண்டவாளத்தை ஹாலிலிருந்து பால்கனி வரைக்கும் இழுத்தார். ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. போகிறவளைத்தான் கேட்க வேண்டும். வண்டி கடக்கும்போது ஒரு கேள்வி கேட்கத்தான் நேரம் இருந்தது.

"நாளைல என்ன கண்ணு இருக்கும்?"

ஒரு சுற்று காத்திருந்தார்.

"ஊஞ்சல்!"

"அப்புறம்?"

இன்னொரு சுற்று.

"ஆட்டுக்குட்டி! மே-ன்னு கத்தும்!"

தீக்குச்சியும் நூலும் வைத்து ஊஞ்சல் கட்டினார். பஞ்சில் ஆட்டுக்குட்டி செய்து கறுப்பு மையால் கண் வைத்தார். அதற்குள் மதியச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. கோகிலவாணி கறிக்குழம்புச் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து தடத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு சுற்றுக்கு ஓர் உருண்டை என்று ஜன்னல் வழியாக ஊட்டினாள். மிருதுளாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ருக்குமணி என்ற அம்மாள் வாய் துடைத்துவிட்டாள். அந்த அம்மாள் கட்டிலடிக்கு ஒரு வளைகாப்புக்குப் போகிறவள். தாம்பூலத் தட்டெல்லாம் கையில் இருந்தது.

அடுத்த சுற்றில் மிருதுளா அந்த அம்மாளின் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். வண்டி கட்டிலடியில் நின்றது. ருக்குமணி அம்மாள் இந்தத் தடவையும் இறங்கவில்லை.

"உங்களுக்கு நேரமாகுதுங்களே" என்றார் பூபதி.

"வளைகாப்பு முடிஞ்சே போயிருக்குமுங்க. பரவால்லீங்க, கொழந்தை எந்திரிக்கட்டும். எழுப்பினா அழுகும்."

மிருதுளா விழித்தபோது நெடுந்தூரம் போய்வந்தவள் மாதிரி முகம் களைத்திருந்தது. ஜன்னல் வழியாகப் பூபதியைப் பார்த்தாள். பழகாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டாள்.

"ஸ்டேஷன் மாஸ்டர், நாளை எப்ப வரும்?"

பூபதி நிமிர்வதற்குள் வண்டி போய்விட்டது. அவர் பால்கனிக்குப் போய் வேகவேகமாக வேலையில் இறங்கினார். சுவர் வைத்தார், தூண் வைத்தார், நடைமேடைக்கு பெஞ்சு போட்டார். ஆனால் கூரைக்கு வந்ததும் பழக்கதோஷம் விடவில்லை. மெல்லிய தூரிகையை எடுத்து ஓடுகளுக்கு ஒவ்வொன்றாகச் செங்காவி தீட்ட ஆரம்பித்தார். ஓரத்து ஓட்டில் பாசி படிந்த மாதிரி கொஞ்சம் பச்சையும் வைத்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது. பச்சையைத் தேடினார்.

கோகிலவாணி பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, ஓட்டுல பாசி இருக்கான்னு யாருங்க பாக்கப் போறாங்க? பெத்த பொண்ணு உங்கள ஸ்டேஷன் மாஸ்டர்னு கூப்புட்டுட்டுப் போறா."

பூபதி தூரிகையைத் தண்ணீரில் போட்டார். பாதி ஓடு வெள்ளையாகவே இருந்தது. 'நாளை' என்று எழுதிய பலகையை நட்டார்.

வண்டி பால்கனிக்கு வந்து நாளையில் நின்றது. நாலைந்து பேர் பெட்டியும் கையுமாக இறங்கி, வெகுகாலமாக வர நினைத்த இடத்துக்கு வந்துவிட்ட திருப்தியோடு நடந்து போனார்கள். மிருதுளா எழுந்து நின்று ஊஞ்சலைப் பார்த்தாள், ஆட்டுக்குட்டியைப் பார்த்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்கு கண்ணு. இதுதான் நாளை."

"தெரியுது. அப்பா வரலையே."

"அப்பா இங்கதான நிக்கறேன்?"

மிருதுளா அவரை மேலும் கீழும் பார்த்தாள். விரலெல்லாம் பசை. காதில் பென்சில். கையில் வண்டியை ஓட்டுகிற விசைப்பெட்டி.

"நீங்க ஸ்டேஷன் மாஸ்டர். அப்பா நாளைல இருப்பாரு. அவரே சொன்னாரு."

"கூட்டிட்டுப் போக ஆள் வந்தாத்தானுங்க எறக்கிவிட முடியும்" என்றாள் ருக்குமணி அம்மாள், வருத்தத்தோடு. வண்டி நகர்ந்தது.

பூபதி ஹாலுக்கு வந்து யுகனைக் கூப்பிட்டார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் யுகன் வியர்த்து விறுவிறுத்து மட்டையோடு வந்தான். பூபதி விசைப்பெட்டியை அவன் கையில் வைத்தார். அதை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

"வளைவுல மெதுவா விடணும். நாளைல நல்லா நிறுத்தி எடு."

"நீங்கப்பா?"

"நான் ஊருக்குப் போறேன்."

யுகன் மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

பூபதி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். நகக்கண்ணில் இருந்த பசையைச் சுரண்டி எடுத்தார். சட்டை மாற்றினார். தலை சீவினார். பால்கனிக் கதவைத் திறந்து நடைமேடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். காற்று நன்றாக வீசியது. ஆட்டுக்குட்டி தண்டவாளத்தோரம் மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் சிலர் தங்கள் ஆட்களுக்காகக் காத்திருந்தார்கள். கைகளை என்ன செய்வதென்று பூபதிக்குத் தெரியவில்லை. மடியில் வைத்துப் பார்த்தார். கட்டிக்கொண்டு பார்த்தார். கடைசியில் அவற்றைச் சும்மா விட்டுவிட்டார்.

வண்டி வளைவில் மெதுவாகத் திரும்பி வந்தது. நல்லபடியாக நின்றது. மிருதுளா ஒரே ஓட்டமாக இறங்கி வந்தாள்.

"அப்பா! ரொம்ப நேரமா காத்துட்டிருக்கீங்களா?"

"இப்பத்தான் வந்தேன் கண்ணு."

ருக்குமணி அம்மாள் ஜன்னல் வழியாகத் தண்ணி பாட்டிலை நீட்டினாள். தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தையும் எடுத்துக் குழந்தை கையில் கொடுத்தாள். வண்டி கிளம்பியது. பூபதி அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் ஊர் பெரிதாகத்தான் இருந்தது. பூபதி கட்டாத தெருக்களும் இருந்தன. மிருதுளாவை ஊஞ்சலில் உட்கார வைத்து ஆட்டினார். அவள் போதும் என்று சொல்லவே இல்லை. அவரும் நிறுத்தவில்லை. ஒரு தெருவில் வாடகைச் சைக்கிள் எடுத்துப் பழக்கினார். பிடித்துக்கொண்டே பின்னால் ஓடியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. டீக்கடையில் ஒரு குழாய் இருந்தது. துளிகூட ஒழுகவில்லை. கோகிலவாணி பல மாதமாக மாற்றச் சொல்ல, பூபதி நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கும் அடுக்களைக் குழாய்தான் அது. யாரோ நன்றாகவே மாற்றியிருந்தார்கள். பூபதி திருகிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக மூடினார்.

ஆட்டுக்குட்டிக்கு வாழைப்பழத் தோலைக் கொடுத்து முடித்ததும் மிருதுளா கண்ணைக் கசக்கினாள்.

"வீட்டுக்குப் போலாம்ப்பா."

வழக்கமான பதில் பூபதியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த ஊரில் அது செல்லாது.

"இப்பவே போலாம் கண்ணு" என்று அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தோளில் விழுந்ததும் அவள் கை அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது. ரயில் வந்தது. உள்ளே சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள்.

சோபாபாளையத்தில் இறங்கியபோது ஹாலில் விளக்கு போட்டிருந்தது. கோகிலவாணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து குழந்தையை வாங்கி நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"குளுருச்சா?"

"இல்லம்மா. காத்து நல்லா வந்துச்சு" என்றாள் மிருதுளா.

யுகன் பச்சைக் கொடியை அசைத்து வண்டியை அனுப்பிவிட்டுத் திரும்பினான். அவனுக்கு அடர்த்தியாக மீசை முளைத்திருந்தது. காலையில் போட்டிருந்த கிரிக்கெட் டிரவுசர் தொடையோடு இறுகியிருந்தது.

"வாங்கப்பா" என்றான். குரல் உடைந்து, கனத்து, பூபதியின் குரல் மாதிரியே இருந்தது. "வழியில ஒண்ணும் சிரமம் இல்லையே?"

"ஒண்ணும் இல்லடா. வண்டி குலுங்கவே இல்லை."

"இவன் ஒரு தடவைகூடத் தடம் புரள விடலைங்க" என்றாள் கோகிலவாணி. "விசைப்பெட்டி கைக்கு வந்ததும் மீசையும் வந்துருச்சு. மத்தியானத்துக்கு மேல மீசைய ஒதுக்கிக்கிட்டுத்தான் மோர் குடிச்சான்."

மிருதுளா அம்மாவின் இடுப்பிலிருந்து சரிந்து அண்ணனின் மீசையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு கை கழுவப் போனாள்.

யுகன் கொடியைச் சுருட்டி வைத்தான். பள்ளிக்கூடப் பையை இழுத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தான்.

"நாளைக்கு மிஸ் கேப்பாங்கப்பா. ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வரல."

பூபதி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து மடியைத் தட்டினார். யுகன் ஏறி உட்கார்ந்தான். நாற்காலி முனகியது. மீசை கழுத்தில் குத்தியது. பூபதி தலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, "ஓரேழு ஏழு" என்று ஆரம்பித்தார்.