உள்பக்கத் தாழ்ப்பாள்

ஆள் இல்லாத வீட்டின் அமைதி வேறு; ஆள் இருந்தும் இல்லாததுபோல் காட்டிக்கொள்கிற வீட்டின் அமைதி வேறு. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் எட்டு வருஷமாகப் படியேறி இறங்குகிற அதிகாரிக்கு, மூன்றாவது மாடியின் இடதுபக்கக் கதவு இரண்டாவது ரகம் என்று தட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

தட்டினாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"யாரு?"

"குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துலேர்ந்து வர்றேன். பத்து மணிக்கு வர்றோம்னு கடிதம் போட்டிருந்தோமே."

"கார்டு இருந்தா கதவுக்கு அடியில தள்ளுங்க."

குனிந்து அடையாள அட்டையைத் தள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி அட்டையையும் அதிகாரியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போட்டோவுல சிரிச்ச முகமா இருக்கீங்க. அதான் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். வாங்க."

கதவைத் திறந்தவள் அந்த வீட்டுத் தையல்காரியின் தங்கை. அக்கா மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜிப்பு மாற்ற வந்த கால்சட்டைகள் அவள் காலடியில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன. அக்காவின் ஆறு வயசு மகள் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து அறுந்த நூல்களைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை, சத்தமும் இல்லை. வீட்டில் அதற்குச் சுண்டெலி என்று பெயர்.

"பாத்து உக்காருங்க மேடம், ஊசி கிடக்கும்" என்றாள் தையல்காரி. பிறகு, கையிலிருந்த துணியைப் பார்த்தபடியே, "கீழ வண்டி நிக்குதே, எதுக்கு?"

"நான் வந்த வண்டி."

"பின்னாடி குழந்தைங்க உக்கார்ற சீட்டு மாட்டியிருக்கு. ஜன்னல் வழியா பாத்தேன்."

"அக்கா, அது மேடத்துக்கா இருக்கும்" என்றாள் தங்கை.

"நீ சும்மா இருடி."

அதிகாரி கோப்பைத் திறந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த புகார் அரைப்பக்கம்தான். வகுப்பறைக் கதவை யாராவது தட்டினால் குழந்தை பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறது. முதுகில் காசு அளவுக்குக் கன்றிய காயம் இருக்கிறது. கேட்டால் வாய் திறப்பதில்லை.

"முதுகுல காயமாமே. எப்படி?"

"விழுந்துட்டா."

"மல்லாக்க விழுந்தாளா?"

"பிள்ளைங்க எப்படி வேணா விழும்."

"அவ அப்பா எங்க இருக்கார்?"

"போய்ட்டார்னு எழுதிக்குங்க" என்றாள் தங்கை.

"எங்க போய்ட்டார்?"

"அதைத் தெரிஞ்சு நாங்க என்ன, கடுதாசி போடப் போறோமா?"

பதில் வாங்க முடியாத வீடு என்று அதிகாரி நினைத்துக்கொண்டாள். அவளுக்கும் இப்போதெல்லாம் பேச்சில் நம்பிக்கை இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வீட்டில் தரை பளிச்சென்று இருந்தது, தாய் தன்மையாகப் பேசினாள், தேநீர்கூட நன்றாக இருந்தது. குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டு வந்தாள். அந்த வீட்டுக் குழந்தைக்கு இப்போது ஒரு கண்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு அவள் முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கதவுகளையும் தாழ்ப்பாள்களையும் பார்க்கத் தொடங்கினாள்.

உள்ளறைக் கதவில் அது இருந்தது. உள்பக்கம், அவள் முழங்கால் உயரத்தில், புத்தம்புதுத் தாழ்ப்பாள். மேலே வழக்கமான இடத்தில் பழைய தாழ்ப்பாளைக் கழற்றிய ஓட்டைகள். நிற்கிற ஆள் யாரும் அந்த உயரத்தில் தாழ்ப்பாள் வைக்க மாட்டான். தரையில் உட்கார்ந்துகொண்டு, குழந்தையையும் உள்ளே வைத்துக்கொண்டு, கதவைச் சாத்துகிற ஒரு ஆளை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

"இதை யார் மாட்டினது?"

"முன்னாடியே இருந்துச்சு."

"புதுசா மினுக்குது."

"ஓனர் மாட்டியிருப்பார்."

பொய். அதிகாரி படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரை. அந்தப் பென்சில் எழுத்தைத் தையல்காரி தலைகீழாகவே படித்துவிட்டாள் என்பது அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது.

"பிள்ளைகிட்ட தனியா கொஞ்சம் பேசணும்."

"எங்க முன்னாடி பேசுங்க."

"அது வழக்கம் இல்லம்மா."

உள்ளறையில் ஒரு இரும்புக் கட்டில், ஒரு புத்தகப் பை, அவ்வளவுதான். அதிகாரி தரையில் உட்கார்ந்தாள். சுண்டெலி நூல் டப்பாவோடு எதிரில் உட்கார்ந்தது.

"முதுகைக் காட்டுறியா?"

குழந்தை திரும்பிச் சட்டையைத் தூக்கியது. தோள்பட்டைகளுக்கு நடுவில், வட்டமாக, நீலமும் மஞ்சளுமாக ஒரு தடம். ஒரே நாளில் வந்ததல்ல. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டது.

"யார் அடிச்சது?"

"யாரும் அடிக்கல. பழகும்போது வந்தது."

"என்ன பழகினே?"

"சொல்லக் கூடாது."

அப்போது வாசற்கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. சத்தமில்லாத, மரியாதையான தட்டு.

நூல் டப்பா தரையில் இருந்தது. குழந்தை அங்கே இல்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் விழுந்திருந்தது, சுண்டெலி கதவோடு முதுகை ஒட்டவைத்து உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் கட்டில் காலில் முட்டுக் கொடுத்திருந்தது. இவ்வளவும் நடப்பதற்குள் அதிகாரி ஒரு மூச்சுகூட விட்டு முடிக்கவில்லை. தாழ்ப்பாளின் குமிழ் குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவில், சரியாக அந்தத் தடத்தில் பதிந்திருந்தது.

"நீங்களும் உக்காருங்க" என்றது காற்றுக்கும் கேட்காத குரலில். "காலை நல்லா ஊனிக்கணும். இல்லேன்னா தள்ளிடும்."

அதிகாரி பக்கத்தில் போய் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

வெளியே ஒரு ஆண் குரல். அவசரமே இல்லாத குரல்.

"மச்சினி, நல்லா இருக்கியாம்மா? கதவைத் திற. சண்டைக்கு வரல."

"வீடு மாறி வந்துட்டீங்க" என்றாள் தங்கை.

"எப்படி மாறும்? மூணாவது மாடி, இடதுபக்கம்னு தெளிவா போட்டிருக்கே. பத்து மணிக்கு வரச் சொல்லி ஆபீஸ்லேர்ந்து கடிதம். நம்பலேன்னா நீயே படிச்சுப் பாரு."

வாசற்கதவுக்கு அடியில் தாள் ஒன்று உரசுகிற சத்தம். அப்புறம் அந்தத் தாள், மெதுவாக, உள்ளறைக் கதவின் அடி வழியாக அதிகாரியின் தொடைப்பக்கம் வந்து நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் தங்கை குனிந்து கேட்டாள்:

"மேடம், இது உங்க கையெழுத்துதானே?"

அவளுடையதுதான். ஒரு கட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கை ஓய்ந்த பிறகு கடைசி எழுத்து எப்படிச் சரியுமோ, அப்படிச் சரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நாற்பத்து மூன்று கடிதம், ஒன்றையும் படிக்கவில்லை. பள்ளிக்கூடம் கொடுத்த புது விலாசத்தைக் குமாஸ்தா, அப்பாவின் விலாசம் இருந்த பழைய கோப்போடு சேர்த்திருக்கிறார். பெற்றோர் இருவருக்கும் நகல் என்பது விதி. ஒளிந்து வாழ்கிற வீட்டின் விலாசத்தை, அது யாருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறதோ அவன் கைக்கே தபாலில் அனுப்பியிருக்கிறாள்.

ஓட்டுநரை போனில் கூப்பிட்டாள். "அண்ணே, ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டு மேல வாங்க. சீக்கிரம்." பிறகு குழந்தையிடம், "நான் வெளிய போகணும்."

"அம்மா மூணு தட்டி, நிறுத்தி, ஒண்ணு தட்டினாத்தான் திறக்கலாம்."

"எனக்காக ஒரு தடவை திற. நான் போனதும் பழையபடி மூடிக்கோ."

சுண்டெலி அவளை எடைபோட்டது. "சத்தம் வராம போங்க."

வெளியே தையல்காரி நடுக்கூடத்தில் நின்றிருந்தாள். கையில் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல். அதிகாரியைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அதிகாரி வாசற்கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கடிதத்துல கையெழுத்துப் போட்டது நான்தான். அது தப்பா வந்தது. நீங்க கீழ இறங்கிப் போங்க."

"ஓ, மேடம் உள்ளயே இருக்கீங்களா? நல்லதாப் போச்சு." குரல் இன்னும் இனித்தது. "உங்களோட எனக்குச் சண்டையே இல்ல. பிள்ளையை நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. எங்க வேணா கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இவகிட்ட இருக்கக் கூடாது, எனக்கு அவ்வளவுதான் வேணும்."

அவள் பென்சிலால் எழுதி வைத்திருந்ததும் அதேதான். கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை.

"போங்கன்னு சொன்னேன்."

முதல் உதையில் சுவர்க்காரை உதிர்ந்தது. இரண்டாவதில் மேல் தாழ்ப்பாளின் ஒரு ஆணி துள்ளி விழுந்து கால்சட்டைக் குவியலுக்குள் போனது. தங்கை மெஷினைத் தரதரவென்று இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். மூன்று பேரும் அதில் சாய்ந்து நின்றார்கள். மூன்றாவது உதைக்காகக் காத்திருந்தபோது, கீழே இரண்டாவது மாடியில் ஓட்டுநரின் கனத்த குரல் கேட்டது: "யார் அங்க? ஸ்டேஷன்லேர்ந்து வந்துட்டிருக்காங்க."

உதை வரவில்லை.

"சரி மேடம், நான் கிளம்புறேன்" என்றான் அவன், விருந்தாளி விடைபெறுகிற மாதிரி. "வீடுதான் தெரிஞ்சுபோச்சே. என்ன அவசரம்?"

படிகளில் செருப்புச் சத்தம் நிதானமாக இறங்கிப் போயிற்று.

தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைக்க விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள் அதிகாரி.

"போன ஊர்ல சொன்னேன். பிள்ளையைக் காப்பாத்தத் தெரியாத தாய்னு எழுதி நாலு மாசம் இல்லத்துல வெச்சிருந்தாங்க. திரும்பி வந்தப்போ இவ பேச்சையே விட்டிருந்தா; இப்பத்தான் ஏதோ பேசுறா. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்லச் சொல்றீங்க?"

அதிகாரி மேலாளருக்கு போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"அப்பன் வாசல்வரைக்கும் வந்துட்டானா? அப்போ உடனடி ஆபத்து. பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடு."

"தாயையும் சேர்த்து, சார். ரெண்டு பேரும் தங்குற இல்லம் இருக்கே."

"தாய்மேல குறை இல்லைன்னாத்தான் அங்க இடம். பழைய கோப்புல குறைன்னு இருக்கு."

"இன்னிக்கு வந்த ஆபத்து நம்மால வந்ததுன்னு நான் எழுதித் தர்றேன். விலாசத்தைக் குடுத்தது நாமதான். தாய் மறைச்சு வெச்சிருந்தாங்க."

மேலாளர் கனைத்துக்கொண்டார். "எழுத்துல போட்டுட்டா அப்புறம் வாயால அழிக்க முடியாது. விசாரணை வரும். போன கேஸே இன்னும் உன் தலைமேல தொங்குது. வேலை போனாலும் போகும்."

"தெரியும் சார்."

"சாயங்காலம்வரைக்கும் யோசிச்சுச் சொல்லு."

"சாயங்காலம்வரைக்கும் இந்தக் கதவு தாங்காது சார்."

"எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு. இல்லத்துக்கு நான் சொல்றேன். கையெழுத்து உன்னோடது மட்டும்தான், ஞாபகம் வெச்சுக்கோ."

அதிகாரி பென்சில் எழுத்தை அழித்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். எழுதி முடித்ததும் தையல்காரி, "படிச்சுக் காட்டுங்க" என்றாள். "போன தடவையும் எழுதினாங்க. யாரும் படிச்சுக் காட்டல."

படித்துக் காட்டினாள். விலாசம் போன கதையை, தன் பெயரோடு. முதுகுக் காயம் தாழ்ப்பாள் குமிழில் சாய்ந்து பழகியதால் வந்தது என்கிற வரியைப் படித்ததும் தையல்காரி கையை நீட்டி நிறுத்தினாள்.

"அதுக்குப் பஞ்சு வெச்சு ஒரு உறை தைக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். இத்தனை பேர் துணி தைக்கிறேன், அதுக்கு மட்டும் நேரம் கிடைக்கல." அப்போதுதான் அவள் அழுதாள், அதுவும் கொஞ்சம்தான்.

"அக்கா, அழுறதை வண்டியில வெச்சுக்கலாம்" என்றாள் தங்கை. "வாடிக்கைக்காரங்களுக்கு போன் பண்ணிட்டு நான் சிநேகிதி வீட்டுக்குப் போயிடுறேன். ஜிப்பு இல்லாம ரெண்டு நாள் சமாளிக்கட்டும்."

உள்ளறைக் கதவை மூன்று தட்டி, நிறுத்தி, ஒன்று தட்டினாள் தாய். தாழ்ப்பாள் விலகியது. சுண்டெலி எழுந்து நின்று அதிகாரியிடம் கேட்டது:

"போற இடத்துல தாழ்ப்பாள் எவ்ளோ உயரத்துல இருக்கும்?"

"எனக்குத் தெரியலையே. பாத்ததில்ல."

பதில் குழந்தைக்குப் போதவில்லை. தங்கை ஒன்றும் சொல்லாமல் மெஷினின் திருப்புளியை எடுத்து வந்து குனிந்தாள். நான்கு திருகாணிகள். தாழ்ப்பாளைக் குழந்தை நூல் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டது.

ஸ்டேஷன் ஜீப் முன்னால் போக, வண்டி கிளம்பியது. குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில், அதன் கையைப் பிடித்தபடி தாய். முன்சீட்டில் அதிகாரியின் போன் அடித்தது. குமாஸ்தா.

"மேடம், புதுசா ஒரு அறிக்கை வந்திருக்கு. தங்குற இடத்தோட விலாசம்ங்கிற கட்டம் காலியா இருக்கே. நகல் யார் யாருக்கு அனுப்பணும்?"

கண்ணாடியில் பின்னால் தையல்காரியின் கண்கள் மட்டும் தெரிந்தன.

"யாருக்கும் இல்ல" என்றாள் அதிகாரி. "அந்தக் கட்டம் அப்படியே இருக்கட்டும். நான் வந்து, ஒவ்வொரு கடிதமா படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போடுவேன். அதுவரைக்கும் ஒண்ணும் வெளிய போகக் கூடாது."

"நாப்பது இருக்கே மேடம்."

"இருக்கட்டும்."