கடைசிக் கழுவல் தண்ணீர்

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். ஆனாலும் துறைமுகத்துப் பக்கம் கப்பல் சாமான் விற்கும் கடையில் ஒரு வால்வின்மேல் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. மினுங்கியது. வாங்கிவிட்டேன். படித்த படிப்புக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

பாலையூற்றில் அபூதாஹிர் ஹாஜியாரின் விளாம்பழ ஜூஸ் கம்பனியில் தரம் பார்ப்பது என் வேலை. ஜூஸ் தாங்கியிலிருந்து போத்தல் நிரப்பும் மெசினுக்குப் போகிற குழாயில் அந்த வால்வைப் பூட்டினோம். அதன் உள்ளே துளையிட்ட ஓர் உருண்டை இருக்கும். கைபிடியைத் திருப்பினால் உருண்டை திரும்பி வழியைத் திறக்கும், மூடும். வெறும் தண்ணீருக்கு அது போதும்.

குழாய்களைக் கழுவுவது கிண்ணியாவிலிருந்து வரும் பஹ்மியாக்காவின் பொறுப்பு. கோஸ்டிக் சோடாக் கரைசல், வெந்நீர், பிறகு வெறும் தண்ணீர். கடைசியாக வரும் தண்ணீரைக் கிளாஸில் பிடித்து ஒரு மிடறு குடித்துப் பார்ப்பார். சுத்தம் என்றால் தலையாட்டுவார், நான் கையெழுத்து வைப்பேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சோதனை, ஆனால் ஒருநாளும் பிழையானதில்லை.

நோன்புக்கு நாலு நாள் இருக்கும்போது, "மிஸ், இந்தப் புது வால்வு போட்ட பிறகு தண்ணி கொஞ்சம் புளிக்குது" என்றார்.

"விளாம்பழம் புளிக்காம இனிக்குமா அக்கா?" என்று பகிடி விட்டேன். அவரும் சிரித்துவிட்டு இன்னொரு தரம் கழுவினார்.

நோன்பு தொடங்கியது. ஓடர் இரண்டு மடங்கானது. நோன்போடு அக்கா தண்ணீரை வாயில் வைக்க ஏலாது. நான் நோன்பில்லை, குடித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் நோன்பு பிடித்தவர்களுக்கு முன்னால் ஒரு சொட்டும் குடிப்பதில்லை என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். என் தண்ணீர்ப் போத்தலைக்கூட அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அக்கா கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். தெளிவாகத்தான் தெரியும். ஊற்றிவிட்டுக் கையெழுத்து வைப்பேன்.

நோன்பின் மூன்றாம் கிழமையில் கடைகளில் போத்தல்கள் வீங்கின. நோன்பு துறக்க வாங்கிய ஜூஸில் கள்ளு மணம் என்று ஆட்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஹாஜியாருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"நோன்புக் களைப்பில ஒழுங்காக் கழுவாம விட்டிருக்கிறா" என்றார், எல்லாருக்கும் முன்னால். அக்கா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பெருநாளுக்கு ஆறு நாள் இருக்கையில் அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வீட்டுக்குப் போய் வழக்கம்போலச் சோறு தின்றேன்.

பெருநாள் முடிந்ததும் புதுக் குழாய் வரிசைக்குச் சாமான் தெரிவு செய்யச் சொன்னார் ஹாஜியார். அளவெடுக்க, நான் வாங்கிய அந்த வால்வைக் கழற்றினேன். உருண்டைக்குப் பின்னால் ஒரு சின்ன இடைவெளி, கழுவுகிற தண்ணீர் எட்டாத இடம். அதற்குள்ளிருந்து மண்ணிறக் கூழ் வழிந்தது. அதே கள்ளு மணம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனம் மரத்துக் கிடந்தது.

கதிரையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். சக்கை தங்க மூலையில்லாமல், தட்டுப்போலத் திரும்பும் பட்டர்பிளை வால்வு. மரை இல்லாமல் கிளாம்ப் போட்டு இறுக்கும் பொருத்துகள். புளிப்புக்குத் தாங்கும் 316 ரகம், உட்புறமும் மினுக்கியது. ஒரு பிழையும் இல்லாத பட்டியல். பழையதை மாற்றுவதற்கான காரணம் என்ற இடத்தில் "தேய்மானம்" என்று எழுதினேன். அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் பின்னேரம் வால்வை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். அக்கா அதை வாங்கி மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார்.

"நான் சொன்னன் தானே மிஸ், புளிக்குதெண்டு."

"ஓம்."

"நோன்பில நீங்க ஒரு மிடறு குடிச்சுப் பாத்திருக்கலாமே?"

"உங்களுக்கு முன்னால எப்பிடியக்கா குடிக்கிறது?"

"எனக்கு முன்னால தண்ணி குடிக்க வெக்கப்பட்டீங்க. எனக்கு முன்னால வாயை மூடிக்கொண்டு நிக்க வெக்கமில்லையா?"

"திரும்பி வேலைக்கு வாங்க, நான் ஹாஜியாரோட கதைக்கிறன்" என்றேன்.

"வேலை கிடக்கட்டும். இஞ்ச கடைத்தெருவிலயும் என்னைக் கழுவாதவள் எண்டுதான் கதைக்கிறாங்க. அந்தப் பேரை முதல்ல எடுங்க."

அங்கேயே போனை எடுத்து, அவருக்கும் கேட்கும்படி வைத்தேன். "ஹாஜியார், பஹ்மியாக்கா ஒழுங்காத்தான் கழுவினவ. வால்வுதான் பிழை. அதைத் தெரிவு செய்தது நான். தேய்மானம் எண்டு எழுதினது பொய்."

"அண்டைக்கு ஏன் பேசாம நிண்டீங்க?" என்று கேட்டார் ஹாஜியார். "எனக்கே தெரியாது ஹாஜியார்" என்றேன். "நாளைக்கு அதே ஆக்களுக்கு முன்னால வந்து இதைச் சொல்லுங்க. உங்கட வேலையைப் பத்திப் பிறகு கதைப்பம்" என்றார். ஓம் என்றேன்.

அக்கா குசினிக்குள் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவர் உதடு காய்ந்திருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"பெருநாள் முடிஞ்சு பிடிக்கிற ஆறு நோன்பில இண்டைக்கு மூண்டாவது. பரவாயில்ல, எனக்கு முன்னாலயே குடிங்க" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்க முழுக் கிளாஸையும் குடித்தேன். தொண்டை வலித்தது. இத்தனை நாளில் எனக்கு வலித்தது அதுதான் முதல் தடவை.