கால் சுருதி கீழே

எங்கள் இசைப் பள்ளியின் தலைவர் மேங் கி-தேக், ஐம்பத்தேழாவது பிறந்தநாளுக்குத் தமக்குத் தாமே ஒரு தங்கமுலாம் பூசிய சாக்ஸபோனைப் பரிசளித்துக்கொண்டார். எங்கள் ஊரான சுங்ஜுவில் அந்த வயதைத் தொடும் ஆண்களில் பாதிப் பேருக்கு இது வருகிறது. மீதிப் பேருக்கு மூட்டுவலி வருகிறது. மூட்டுவலி அடுத்தவர் காதில் விழுவதில்லை.

என் பெயர் பியோ. பதினான்கு வருடமாக அங்கே பியானோ சொல்லித்தருகிறேன். என் அறைக் கதவில் ‘உதவித் தலைவர்’ என்று பலகை தொங்குகிறது. ஜெராக்ஸ் மெஷினும் அந்த அறையில்தான் இருக்கிறது; பலகை யாருக்கு என்று பிள்ளைகளுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

சாக்ஸபோன் வந்த முதல் வருடம், தலைவர் வாசித்து முடித்ததும் “ஆகா” என்று சொல்வது என் வேலை. அடுத்த வருடம் ஸுராப் வந்தார். ஜார்ஜியாக்காரர், கிளாரினெட் ஆசிரியர், நிஜமாகவே நன்றாக வாசிக்கிறவர். அந்தக் குறையைத் தலைவர் பெரிதுபடுத்தவில்லை. பள்ளியின் மஞ்சள் வேனில் அவருடைய முகத்தை ஆளுயரத்துக்கு ஒட்டி, கீழே ‘ஐரோப்பிய மேதை’ என்று போட்டார். வேன் கதவை இழுத்தால் மேதையின் பாதி முகம் மீதி முகத்தின்மேல் ஏறும். “ஆகா” சொல்லும் வேலையும் அவருக்குப் போயிற்று.

மூன்று வருடம் போயிற்று. இந்த மே மாதம், தெற்கே ஒரு துறைமுக நகரத்தின் இசைக்குழு ஸுராபைத் தேர்ந்தெடுத்தது. இரண்டாம் கிளாரினெட். அவர் வாழ்க்கை முழுக்கக் காத்திருந்த நாற்காலி. ஒரே ஒரு நிபந்தனை: ஜூன் முப்பதுக்குள் பழைய முதலாளியின் விடுவிப்புக் கடிதம் வர வேண்டும். வெளிநாட்டுக்காரரின் விசா முதலாளியோடு கட்டிவைத்த மாடு. முதலாளி அவிழ்த்துவிட்டால்தான் உண்டு. தேதி தவறினால் நாற்காலி அடுத்தவருக்கு.

கடிதத்தை ஸுராபே எழுதிக் கொண்டுவந்தார். அதில் விழ வேண்டியது தலைவரின் பெயர் செதுக்கிய முத்திரை. சுண்டுவிரல் நீளக் கட்டை, கொஞ்சம் சிவப்பு மை, ஒரு நொடி வேலை.

“ஒரு நாள் சேர்ந்து சாப்பிடுவோம். பேசிக்கலாம்” என்றார் தலைவர்.

சாப்பிட்டோம். பன்றிக்கறி சுடும் கடையில், ஆசிரியர்கள் அத்தனை பேரும். ஸுராப் வலக்கையில் பாட்டிலும் அதைத் தாங்க இடக்கையுமாக முறைப்படி தலைவருக்கு சோஜு மது ஊற்றினார், முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார், பிறகு தொண்டையைச் செருமினார்.

“தலைவரே, அந்தக் கடிதம்...”

தலைவர் கீரை இலையில் சுட்ட கறியை வைத்து, பூண்டும் மிளகாயும் வைத்து, குழந்தையின் முஷ்டி அளவுக்கு மடித்து அவர் வாயில் திணித்தார். “சாப்பிடுப்பா, எலும்பா இருக்கே.”

பெரியவர் கையால் ஊட்டினால் வாயைத் திறக்க வேண்டும். திறந்த வாயால் பேசக் கூடாது. ஸுராப் கண்ணில் நீர் வர மென்று முடித்து மறுபடி “தலைவரே...” என்றார். அடுத்த மடிப்பு தயாராக இருந்தது. அன்று அவர் ஏழு முறை ஆரம்பித்தார், ஏழு முறை சாப்பிட்டார்.

மறுநாள் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். “பியோ சார், இவர்கிட்ட எப்படித்தான் பேசுறது?”

“பேசாதீங்க. புகழுங்க. ‘ஆகா’ன்னா பத்தாது, பேர் சொல்லிப் புகழணும். மூச்சு, உணர்ச்சி, அந்த மாதிரி. மனசு குளிர்ந்தா முத்திரை தானா விழும்.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

ஸுராப் இரண்டு வாரம் புகழ்ந்தார். தலைவரின் மூச்சில் காகசஸ் மலைக்காற்று அடிக்கிறது என்றார். அவருடைய நடுக்கம் நடுக்கமல்ல, அனுபவம் என்றார். ஜூன் இருபதாம் தேதி தலைவர் என்னைக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

“பியோ சார், என் கலையைப் புரிஞ்சிக்கிட்ட முதல் ஆள் இவர்தான். இவரைப் போய் விட முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிறவன் சொல்லக்கூடியது அதுதான்.

ஸுராபிடம் சொன்னேன். அவர் கிளாரினெட் பெட்டியை மூடினார்.

“அப்ப உண்மையைச் சொல்லிடுறேன். எல்லார் முன்னாடியும். கோபம் வந்து துரத்திவிடட்டும்.”

“துரத்திட்டா?”

“துரத்தணும்னா கடிதம் கொடுத்துத்தானே துரத்தணும்.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை, முதியோர் இல்லத்தில் தலைவரின் இலவச இசை நிகழ்ச்சி. மாதம் ஒரு முறை நடப்பது. கேட்கிறவர்கள் எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்துத் தலைவர் சேவை செய்வார். சக்கர நாற்காலிகளை வரிசையாக நிறுத்தி, பணிப்பெண்கள் எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் ஓக் பெரியவர். பழைய லாரி டிரைவர், எண்பத்தாறு வயது. போன மாதம் பாட்டு முடிவதற்குள் “சாப்பாடு எப்ப?” என்று கேட்டவர்.

பக்கவாத்தியப் பெட்டியை முடுக்கிவிட்டு, தலைவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காதல் பாட்டு வாசித்தார். பணிப்பெண்கள் கைதட்டினார்கள். வழக்கப்படி ஒலிவாங்கி மேதையிடம் போனது.

ஸுராப் காலுறை அணிந்த காலோடு முன்னால் வந்து நின்றார்.

“தலைவரே, நீங்க கால் சுருதி கீழே வாசிக்கிறீங்க. இன்னிக்கு மட்டும் இல்லை. மூணு வருஷமா.”

நாங்கள் ஆசிரியர்கள் ஐந்து பேரும் ஒரே சமயத்தில் எங்கள் காலுறைகளைப் பார்த்தோம். என்னுடையதில் ஓட்டை இருந்தது.

“சரியாத்தான் சொல்றான் பையன். எனக்கே தெரியுது, எனக்கு ஒரு காது கிடையாது” என்றார் ஓக் பெரியவர்.

தலைவரின் முகம் கிம்ச்சி ஊறுகாயின் சிவப்புக்கு வந்தது. சாக்ஸபோனைக் கழற்றி மெதுவாகக் கீழே வைத்தார். விழப்போகிறது முத்திரை என்று நினைத்தேன். விழுந்தது தலைவர். இரண்டு முழங்காலும் மடித்து, நெற்றி தரையில் படும்படி, பெற்றவர்களுக்கும் குருவுக்கும் மட்டும் செய்கிற முழுக் கும்பிடு.

“எத்தனை பேர் கைதட்டினாங்க! ஒருத்தனும் சொல்லலை. நீங்கதான் என் குரு.” பிறகு அப்படியே தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். “பியோ சார், நீங்க இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“ஜெராக்ஸ் எடுத்துட்டிருந்தேன், தலைவரே.”

அதுவரை ‘வா, போ’ என்றிருந்த தலைவர் அன்றிலிருந்து ஸுராபை ‘குருவே’ என்றழைத்தார். திங்கட்கிழமை காலை, முத்திரையிட்ட ஒரு தாள் ஸுராபின் மேசையில் இருந்தது. விடுவிப்புக் கடிதம் அல்ல. இரண்டு வருடத்துக்குப் புதிய ஒப்பந்தம், தினமும் ஒரு மணி நேரம் தலைவருக்குத் தனிப்பாடம்.

ஜூன் முப்பது அது. பிற்பகல் மூன்று மணிக்கு ஸுராப் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கையில் அந்தப் பழைய கடிதம்.

“சார், உங்க டிராயர்ல இன்னொரு முத்திரை இருக்குல்ல?”

இருந்தது. மாணவர் சான்றிதழ்களுக்காகத் தலைவர் கொடுத்து வைத்தது. அதே பெயர், அதே எழுத்து. கள்ள முத்திரை போட்டால் என் வேலை போகும், இரண்டு பேருமே காவல் நிலையத்தில் நிற்க நேரும், அது உண்மை. ஆனால் என் மனதில் அப்போது ஓடியது அதுவல்ல. ஸுராப் போய்விட்டால் “ஆகா”வுக்கு யார் என்பதுதான் ஓடியது. மே மாதத்திலிருந்தே அதுதான் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“அது சான்றிதழுக்கு மட்டும், ஸுராப் சார்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கடிதத்தை மெஷினின் மூடிமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஆறு மணிக்கு இசைக்குழுவின் அலுவலகம் மூடியது. பழைய ஒப்பந்தம் அக்டோபரில் முடியும், அதோடு விசாவும். சொந்த ஊரான குட்டாய்சியில் அவருடைய இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை ஸுராப் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

வேனில் இப்போது புதுப் படம். ஐரோப்பிய மேதைக்குப் பக்கத்தில் தலைவர், சாக்ஸபோனோடு, ‘குருவும் சீடனும்’. கதவை இழுத்தால் சீடன் குருவின்மேல் ஏறுகிறார். ஜூலைக் கடைசியில் முதியோர் இல்லத்தில் முதல் கூட்டுக் கச்சேரி. மூன்று மாதம் ஆகும் என்று நினைத்திருந்தோம், தலைவர் நாலு வாரத்தில் சுருதிக்கு வந்துவிட்டார். ஸுராப் அவ்வளவு நல்ல ஆசிரியர். இனி யாரும் தலைவரைப் பொய் சொல்லிப் புகழவும் முடியாது, உண்மை சொல்லித் தப்பவும் முடியாது. ஒன்றரை மணி நேரம் வாசித்தார்.

முடிந்ததும் ஸுராப் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டு முன்வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓக் பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ எங்கேயோ போறதா இங்கே பேசிக்கிட்டாங்களே, தம்பி. போகலையா?”

“போகலை, பெரியவரே.”

“இன்னும் எத்தனை நாளுக்கு?”

“ரெண்டு வருஷம்.”

ஓக் பெரியவர் அவருடைய முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

“எனக்கு டாக்டர் ஆறு மாசம்தான்னு சொல்லியிருக்கார்” என்றார். “நான் கொடுத்து வெச்சவன்.”